டெஸ் நடந்த 30 மைல்

தாமஸ் ஹார்டியின் ‘டெஸ் ஆஃப் த டர்பர்வில்ஸ்’ நாவலைப் படித்து முடித்த ஒருவர் கேட்ட கேள்வி இது. கணவனின் பெற்றோரைப் பார்க்க டெஸ் ஒரு ஞாயிற்றுக்கிழமை 15 மைல் நடந்து போகிறாள். பார்க்காமலேயே 15 மைல் திரும்பி வருகிறாள். அந்தச் சாலை உண்மையில் இருக்கிறதா? இருந்தால் இன்றும் நடக்க முடியுமா? கதைக்கு அந்தச் சாலை அவ்வளவு முக்கியமா?

இருக்கிறது. இங்கிலாந்தின் தென்மேற்கில் டார்செட் மாவட்டத்தில், ஹார்டி சொன்ன அதே வரிசையில், ஏறக்குறைய அவர் சொன்ன தூரத்திலேயே ஒவ்வொரு இடமும் இருக்கிறது. இன்றும் நடக்கலாம், சில இடங்களில் வண்டிகளுக்கு ஒதுங்கி நடக்க வேண்டும். மூன்றாவது கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். அந்தச் சாலையை எடுத்துவிட்டால் நாவலின் பிற்பாதி நடக்கவே நடக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

கதை மறந்திருந்தால் சுருக்கமாகச் சொல்கிறேன். டெஸ் ஏழைக் குடும்பத்துப் பெண். அலெக் என்ற பணக்காரன் அவளைக் கெடுத்துவிடுகிறான். பிறகு ஒரு பால் பண்ணையில் வேலை செய்யும்போது ஏஞ்சல் கிளேர் என்ற பாதிரியார் மகனைக் காதலித்து மணக்கிறாள். கல்யாணமான அன்றிரவே தன் பழைய கதையை அவனிடம் சொல்கிறாள். அவன் அவளை விட்டுவிட்டு பிரேசிலுக்குப் போய்விடுகிறான். கையில் காசில்லாமல் டெஸ் பிளின்ட்கோம்ப்-ஆஷ் என்ற மேட்டுநிலப் பண்ணையில் டர்னிப் கிழங்கு வெட்டும் கூலி வேலைக்குப் போகிறாள். தகவலே இல்லாத கணவனைப் பற்றி விசாரிக்க, எமின்ஸ்டரில் இருக்கும் மாமனார் மாமியாரைப் பார்த்துவிடலாம் என்று ஒருநாள் முடிவு செய்கிறாள். வேலை இல்லாத நாள் ஞாயிறு மட்டும்தான். அன்றே போய் அன்றே திரும்ப வேண்டும்.

நாவலின் 44, 45ஆம் அத்தியாயங்கள் இந்த ஒரு நாள்.

எப்போது கிளம்புகிறாள் என்று முதலில் பாருங்கள். பனி கொட்டி, அது கரைந்து, அதன்பின் கடுமையான உறைபனி பிடித்திருக்கிறது. சாலைகளின் நிலையைப் பார்த்துத்தான் அவள் இந்த நாளைத் தேர்ந்தெடுத்தாள் என்று ஹார்டி எழுதுகிறார். அதிகாலை நான்கு மணிக்கு நட்சத்திர வெளிச்சத்தில் வெளியே வருகிறாள். காலுக்குக் கீழே தரை பட்டறைக்கல் போலக் கணீரென்று ஒலிக்கிறது. வர்ணனைக்காக எழுதிய வரி இல்லை இது. அந்த மேட்டுநிலம் முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. அதன் மேல் மெல்லிய மண், மண்ணுக்குள் எங்கு பார்த்தாலும் சிக்கிமுக்கிக் கல். ஈரமானால் வழுக்கும், பூட்ஸில் அப்பிக்கொள்ளும். உறைந்தால் மட்டும்தான் ஒரே நாளில் 30 மைல் என்பது நடக்கிற காரியம். தார் போடாத காலத்து டார்செட் சாலைகளில் சிறு வயதிலிருந்து நடந்த மனிதர் எழுதியது என்று இந்த ஓர் இடத்திலேயே தெரிந்துவிடும். ஹார்டி 1840இல் டார்செஸ்டருக்குப் பக்கத்திலுள்ள ஹையர் பாக்காம்ப்டனில் பிறந்தவர். நாவல் 1891இல் ‘த கிராஃபிக்’ பத்திரிகையில் தொடராக வந்து, அதே ஆண்டில் புத்தகமானது.

இனி வழி. பிளின்ட்கோம்ப்-ஆஷ் என்ற பெயரில் ஊர் கிடையாது. பிளஷ், ஆல்டன் பான்க்ராஸ் என்ற சிற்றூர்களை ஒட்டிய மேட்டில்தான் பெரும்பாலோர் அதை வைக்கிறார்கள். அங்கிருந்து டெஸ் மேற்கே நடக்கிறாள். வலது கைப்பக்கம் பள்ளத்தாக்கு, நாவலில் பிளாக்மூர் என்று வருவது. நம்மூர் ஏரிக்கரை மேல் நடப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் சட்டென்று இறங்கிவிடும், அந்தப் பக்கம் முழுவதும் ஒரே பார்வையில் விரியும். அந்தக் கரையை எண்ணூறு அடிக்கும் மேலே உயர்த்தினால் இந்த மலைமுகடு. ஷெர்போர்னிலிருந்து டார்செஸ்டர் போகும் பெருவழியைக் குறுக்கே கடக்கிறாள், இன்றைய ஏ352. கடக்கும் இடத்துக்கு டாக்பரி கேட் என்று பெயர். ஒரு பக்கம் டாக்பரி குன்று, மறுபக்கம் ஹை ஸ்டாய். அதைத் தாண்டியதும் டெலிகிராஃப் ஹில். நெப்போலியன் போர்க் காலத்தில் லண்டனிலிருந்து பிளைமவுத் துறைமுகத்துக்குப் பலகை திறந்து மூடிச் செய்தி அனுப்பிய கம்பங்களில் ஒன்று நின்றதால் வந்த பெயர்.

பிறகு பேட்கம் குன்றின் உச்சி. சாலையோரப் புல்லில் ஒரு கல்தூண் நிற்கிறது. ஹார்டி நாவலில் அதை ‘கிராஸ்-இன்-ஹாண்ட்’ என்கிறார். அதற்கு மூன்று மைல் தாண்டி, லாங் ஆஷ் லேன் என்ற நேர்கோட்டு ரோமானியச் சாலை. அதைக் கடந்தவுடனே ஒரு குறுக்குச் சந்தில் இறங்கி எவர்ஷெட் என்ற ஊர். அது உண்மையில் எவர்ஷாட். அங்கே தேவாலயத்தை ஒட்டிய ஒரு குடிசையில் இரண்டாவது காலைச் சாப்பாடு. அப்புறம் பென்வில் லேன் வழியாக எமின்ஸ்டர். நிஜ வரைபடத்தில் அது பெமின்ஸ்டர்.

வரைபடத்தை விரித்து ஸ்கேல் வைத்துப் பார்த்தால், தூணிலிருந்து ரோமானியச் சாலை வரை மூன்று மைல் கிட்டத்தட்டச் சரியாக வருகிறது. இன்று அந்த ரோமானியச் சாலை ஏ37, யோவில்-டார்செஸ்டர் நெடுஞ்சாலை. ஹார்டிக்கு அந்தச் சாலையின் மேல் நீண்ட நாள் கண் இருந்தது. ‘வெஸெக்ஸ் டேல்ஸ்’ தொகுப்பிலுள்ள ஒரு கதையையே அந்தச் சாலையின் தனிமையைச் சொல்லித்தான் தொடங்குகிறார். அவர் அம்மாவின் ஊரான மெல்பரி ஆஸ்மண்ட் எவர்ஷாட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பெற்றோருக்கு 1839இல் கல்யாணம் நடந்ததும் அந்த ஊர் தேவாலயத்தில்தான். டெஸ் நடக்கிற வழியின் இந்தப் பகுதி ஹார்டிக்குத் தாய்வழிச் சொந்த பூமி.

பெயர்களைக் கவனித்தால் ஒன்று தெரியும். ஊர்களுக்கு மட்டும் வேறு பெயர் சூட்டுகிறார். டார்செஸ்டர் காஸ்டர்பிரிட்ஜ் ஆகிறது, ஷெர்போர்ன் ஷெர்ட்டன் ஆபஸ் ஆகிறது, செர்ன் ஆபஸ் ஆபட்ஸ் செர்னல் ஆகிறது. எவர்ஷாட்டிலிருக்கும் ஏகார்ன் விடுதி ‘சோ அண்ட் ஏகார்ன்’ ஆகிறது. ஆனால் குன்றுகளும் சாலைகளும் பெரும்பாலும் தங்கள் பெயரோடே வருகின்றன. டாக்பரி, ஹை ஸ்டாய், நெட்டில்கோம்ப் டவுட், புல்பாரோ, லாங் ஆஷ் லேன், பென்வில் லேன் எல்லாம் அப்படியே. மனிதர்கள் வசிக்கும் இடத்தில் கதை சொல்பவனுக்குக் கொஞ்சம் சுதந்திரம் வேண்டும். தெருவை மாற்றலாம், வீட்டை நகர்த்தலாம். நடக்கிற நிலத்தில் அவர் அந்தச் சுதந்திரத்தை அதிகம் எடுத்துக்கொள்ளவில்லை. அதனால்தான் வாசகர்கள் அன்றிலிருந்தே இந்த வழியைத் தேடிப் போகிறார்கள். 1913இல் ஹெர்மன் லீ என்பவர் ஹார்டியின் உதவியோடேயே அவர் நாவல்களின் இடங்களைப் படமெடுத்துப் புத்தகமாகப் போட்டார்.

சரி, மூன்றாவது கேள்விக்கு வருகிறேன்.

மலைமுகட்டுச் சாலைகள் இங்கிலாந்தின் மிகப் பழைய வழிகள். கீழே பள்ளத்தாக்கு களிமண், மழைக்காலத்தில் சக்கரம் புதையும். மேலே சுண்ணாம்பு, நீர் இறங்கிவிடும். அதனால் மக்கள் முகட்டிலேயே நடந்தார்கள். இந்தப் பழைய காரணத்தை ஹார்டி கதைக்குள் திருப்பிக்கொள்கிறார். டெஸ் பிறந்து வளர்ந்தது வலப்பக்கம் கீழே தெரியும் அதே பிளாக்மூர் பள்ளத்தாக்கில். அவள் துயரம் தொடங்கியதும் அங்கேதான். கல்யாண நாளுக்கு ஓராண்டு நிறைய ஒரே ஒரு நாள் பாக்கியிருக்கும் காலையில், விடியல் மூடுபனிக்கு அடியில் தன் முழுப் பழைய வாழ்க்கையும் கிடப்பதை மேலிருந்து பார்த்துக்கொண்டே நடக்கிறாள், அதற்குள் கால் வைக்காமல். அவள் இப்போது கூலி வேலை செய்யும் மேட்டில் ஒவ்வொரு வயலும் நூறு ஏக்கர். கீழே ஆறு ஏக்கர்கூட இல்லாத துண்டுகள், மேலிருந்து பார்த்தால் வலைக் கண்கள்போல. மேலே வெளிறிய பழுப்பு, கீழே எப்போதும் பச்சை. இருந்தும் அந்தப் பச்சையின் மேல் அவளுக்குப் பழைய பிரியம் இல்லை என்று ஹார்டி ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறார். பள்ளத்தாக்குக்குள் போகும் சாலையை அவர் தேர்ந்தெடுத்திருந்தால் இந்தப் பார்வை கிடைத்திருக்காது. யாராவது தெரிந்தவர்களைச் சந்தித்திருப்பாள். அழுதிருப்பாள். வழியிலேயே கதை சிதறியிருக்கும்.

எவர்ஷாட்டைப் பற்றி ஹார்டி வெளிப்படையாகச் சொல்லாத ஒரு விஷயம் உண்டு. எனக்கு இந்த வழியிலேயே அதிகம் மனசைத் தொடுவது இதுதான். ஃப்ரூம் ஆறு பிறப்பது அந்த ஊரில். தேவாலயத்துக்கு அருகிலுள்ள செயின்ட் ஜான்ஸ் வெல் என்ற ஊற்றிலிருந்து கிளம்பி, டார்செஸ்டரைக் கடந்து கிழக்கே போய்க் கடலில் சேர்கிறது. டெஸ்ஸும் ஏஞ்சலும் சந்தித்துக் காதலித்த டால்பாத்தேய்ஸ் பால் பண்ணை அந்த ஆற்றின் கரையில் இருந்தது. அவள் வாழ்க்கையில் சந்தோஷமாக இருந்த ஒரே கோடைகாலம் அது. இப்போது கணவனின் பெற்றோரைத் தேடிப் போகிறவள் பாதி வழியில் உட்கார்ந்து ரொட்டி தின்பது அந்த ஆற்றின் தலைமாட்டில். நாவலில் இதைப் பற்றி ஒரு சொல் கிடையாது. ஹார்டிக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை, அவர் அம்மாவின் பக்கத்து ஊர் அது. நிஜச் சாலையை வைத்து எழுதினால் இப்படிப்பட்ட கனம் தானாகவே உள்ளே வந்து உட்கார்ந்துவிடும். எழுத்தாளர் சுட்டிக்காட்ட வேண்டிய அவசியம் இல்லை.

அவர் வேண்டுமென்றே விட்டதும் ஒன்று உண்டு. எவர்ஷாட்டுக்குச் சற்று முன், ஹோலிவெல் என்ற இடத்தில் 1857இலேயே ரயில் பாதை வந்துவிட்டது. எவர்ஷாட் ரயில் நிலையமும் அங்கேதான் இருந்தது, 1966 வரை. டெஸ் அந்தப் பாதையைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும். நாவலில் இந்த நடையில் தண்டவாளமே இல்லை. ரயில் பிடிக்காத எழுத்தாளர் என்று சொல்லிவிட முடியாது. இதே நாவலில் பால் கேன்களை ரயிலேற்றும் காட்சி அற்புதமான காட்சி. அங்கே டெஸ்ஸும் ஏஞ்சலும் சேர்ந்து இருக்கிறார்கள், உலகம் வேகமாக நகர்கிறது. இங்கே அவள் தனி. கண்ணுக்கெட்டிய தூரம் காலால் மட்டுமே கடக்க வேண்டிய நிலம் வேண்டும் அவருக்கு. எடுத்துவிட்டார்.

அடுத்து பூட்ஸ். இந்த நாளின் உயிர் அதில்தான் இருக்கிறது. கரடுமுரடான வழியில் நடக்க டெஸ் கனத்த பழைய பூட்ஸ் போட்டு வருகிறாள். நண்பகலில் எமின்ஸ்டர் கிடக்கும் பள்ளத்தின் விளிம்புக்கு வந்ததும், ஒரு கேட் கம்பத்தை ஒட்டிய செடிவேலிக்குள் அவற்றைச் செருகி வைக்கிறாள். கணவன் வாங்கித் தந்த மெல்லிய பேடன்ட் லெதர் பூட்ஸை மாட்டிக்கொண்டு ஊருக்குள் இறங்குகிறாள். பாதிரியார் வீட்டில் மணி அடிக்கிறாள். யாரும் வரவில்லை. எல்லோரும் தேவாலயத்தில். கொஞ்சம் கழித்து வரலாம் என்று திரும்பி நடக்கும்போது, தேவாலயம் முடிந்து வரும் ஏஞ்சலின் அண்ணன்மார் இருவரும் பின்னால் பேசிக்கொண்டே வருவது அவள் காதில் விழுகிறது. முன்னால் போய்க்கொண்டிருப்பது ஏஞ்சலுக்காக வீட்டார் மனதில் வைத்திருந்த மெர்சி சான்ட் என்ற பெண். அவளைப் பார்த்ததும், தம்பி செய்துகொண்ட கல்யாணத்தைப் பற்றி அண்ணன்மார் கசப்பாகப் பேசுகிறார்கள். அப்புறம் மெர்சியோடு சேர்ந்துகொண்டு, வேலியில் பூட்ஸைக் கண்டுபிடிக்கிறார்கள். ஏதோ நாடோடி எறிந்தது, இல்லை, வெறுங்காலோடு ஊருக்குள் நுழைந்து இரக்கம் சம்பாதிக்க நினைத்த ஏமாற்றுக்காரர் யாரோ ஒளித்து வைத்தது என்று முடிவு செய்கிறார்கள். யாராவது ஏழைக்கு ஆகும் என்று மெர்சி சான்ட் எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள்.

டெஸ் அழுதுகொண்டே திரும்பி நடக்கிறாள். அவன் வாங்கித் தந்த அழகான பூட்ஸைக் காப்பாற்றத்தான் வழியின் முரட்டுப் பகுதி முழுக்க அந்தப் பழையதைப் போட்டு நடந்தேன், அது அவர்களுக்குத் தெரியாதே என்று புலம்புகிறாள். மாமனாரைப் பார்த்திருந்தால் அவர் இரங்கியிருப்பார். அண்ணன்மாரை வைத்து அப்பாவை எடைபோட்டு, கடைசி நொடியில் தைரியம் இழந்ததுதான் அவள் வாழ்வின் பெரிய துரதிர்ஷ்டம் என்று ஹார்டியே நேராகச் சொல்கிறார்.

இப்போது திரும்பும் வழியை நினைத்துப் பாருங்கள். 15 மைல், அந்த மெல்லிய பூட்ஸில்.

பென்வில் லேன் காலையில் வரும்போது இதமான நிலத்தின் வழியே போகும் சாலை. ஹார்டி அதற்கு ஒரே வரிதான் கொடுத்தார். மாலையில் அதே சாலை முடியவே முடியாத நீளமாகிவிடுகிறது. டெஸ் கேட்டுகளில் சாய்ந்து நிற்கிறாள், மைல்கற்களின் பக்கத்தில் நின்று இளைப்பாறுகிறாள். ஏழாவது எட்டாவது மைலில்தான் எவர்ஷெட்டுக்கு இறங்குகிறாள். காலையில் எவ்வளவு எதிர்பார்ப்போடு சாப்பிட்டாளோ, அதே குடிசைக்கு. சாலை மாறவில்லை, காலணியும் மனசும்தான் மாறின. இந்த மாற்றம் வாசகருக்கு உறைக்க வேண்டுமானால் காலையில் சொன்ன சாலைதான் மாலையிலும் இருக்க வேண்டும். ஒவ்வொரு திருப்பமும், ஒவ்வொரு ஊரும், தலைகீழ் வரிசையில். கற்பனைச் சாலையில் எழுத்தாளர் தனக்கே தெரியாமல் சுருக்கிவிடுவார், நீட்டிவிடுவார். நிஜச் சாலை அதற்கு விடாது. காலையில் ஒரே வரியில் கடந்த ஏழெட்டு மைலும் திரும்பும்போது அவள் காலுக்கடியில் பாக்கி வைக்காமல் வந்து நிற்கின்றன.

எவர்ஷெட்டில் தெருவே காலி. ஊரெல்லாம் ஒரு களஞ்சியத்தில் பிரசங்கம் கேட்கப் போயிருக்கிறது. குரலைக் கேட்டுப் போய்ப் பார்க்கிறாள். பிரசங்கம் செய்கிறவன் அலெக். அவளைக் கெடுத்தவன். அவனை மனம் திருப்பியது யார் தெரியுமா? அவள் அன்று பார்க்கத் துணியாமல் திரும்பிய அதே மாமனார். எமின்ஸ்டரில் சந்திக்காமல் விட்ட கிழவரின் வேலை, அதே வழியில் ஏழு மைல் தள்ளி அலெக்கின் உருவத்தில் எதிரே நிற்கிறது. தற்செயல் அதிகம் என்று ஹார்டியைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்தக் குறை இங்கே செல்லாது. நடந்து திரும்புகிறவருக்கு அந்த வட்டாரத்தில் பெரிதாக வேறு வழி இல்லை. ஊர் ஊராகப் போகும் பிரசங்கியும் அதே முகட்டைத்தான் பிடித்தாக வேண்டும். அவன் அன்று மாலை ஆறு மணிக்கு ஆபட்ஸ் செர்னலில் பேச வேண்டும். எவர்ஷாட்டிலிருந்து செர்ன் ஆபஸ் போக வேண்டுமென்றால் நீங்களும் இந்தச் சாலையில்தான் ஏறுவீர்கள்.

அவள் மேட்டில் ஏறி ஓடாத குறையாக நடக்கிறாள். முன்னால் சாலை வெளிறி, காய்ந்து, ஆள் இல்லாமல், வண்டி இல்லாமல், ஒரு தடம்கூட இல்லாமல் நீண்டு கிடக்கிறது. அங்கங்கே குதிரைச் சாணம் மட்டும். இந்தச் சாணத்தை வேறு எந்த எழுத்தாளர் இந்த இடத்தில் வைத்திருப்பார்? சுண்ணாம்பு வெண்மையில் பழுப்புப் புள்ளிகள். தப்பிக்க மறைவு ஏதும் இல்லை என்பதை இதற்கு மேல் எப்படிச் சொல்வது? பின்னால் அலெக் வந்து சேர்ந்துகொள்கிறான். பேசிக்கொண்டே இருவரும் அந்தக் கல்தூணுக்கு வருகிறார்கள்.

காலையில் அதற்குக் கிடைத்தது ஒரே வாக்கியம்: அற்புதமோ, கொலையோ, இரண்டுமோ நடந்த இடத்தைக் குறிக்க ஆளரவமில்லாமல் நிற்கும் கல். மாலையில் அதே கல் ஒரு காட்சியைச் சுமக்கிறது. அந்த மேட்டிலேயே மிகவும் கைவிடப்பட்ட இடம் அது, ஓவியர்கள் தேடும் அழகுக்கு எவ்வளவு தூரம் விலகியதோ அவ்வளவு தூரம் வேறொரு துயர அழகை எட்டிய இடம் என்கிறார் ஹார்டி. தூணில் முரடாகச் செதுக்கிய ஒரு கை. அந்தக் கல்கையின் மேல் உன் கையை வைத்து, இனி என்னை மயக்க மாட்டேன் என்று சத்தியம் செய் என்கிறான் அலெக். குற்றம் செய்தவன் கேட்கும் சத்தியம் இது! பயத்தில் அவளும் செய்கிறாள். அவன் செர்ன் பக்கம் இறங்கிப் போகிறான். பிறகு ஒரு ஆட்டிடையனிடம், அது என்ன பழைய புனிதச் சிலுவையா என்று கேட்கிறாள். சிலுவை எங்கே, அது கெட்ட சகுனம் என்கிறான் அவன். கையை ஆணியடித்துச் சித்திரவதை செய்து தூக்கிலிட்ட ஒரு குற்றவாளிக்கு அவன் சொந்தக்காரர்கள் நட்டது, எலும்புகள் அடியில் கிடக்கின்றன, அவன் ஆவி உலவும் என்கிறான்.

இந்தத் தூணுக்கு இன்னொரு கதையும் உண்டு. அதையும் ஹார்டியே ஒரு நீள்பாட்டாக எழுதினார். புயலடிக்கும் இரவில் சாகக் கிடக்கும் ஒருவரிடம் போன பாதிரியார், நற்கருணை வைத்திருந்த பேழையை வழியில் தவறவிட்டுவிடுகிறார். தேடி வந்தால், வயலில் வானத்திலிருந்து இறங்கும் ஒளியில் பேழை இருக்கிறது, காட்டு மிருகங்களும் ஆடுமாடுகளும் அதைச் சுற்றி மண்டியிட்டிருக்கின்றன. அந்த இடத்தைக் குறிக்க நட்டது இந்தத் தூண். ஒரே கல்லுக்கு அற்புதம், கொலை என்று இரண்டு கதை. நாவலில் அவர் கொலைக் கதையை டெஸ்ஸுக்குக் கொடுத்தார். புனிதத்தைத் தொட்டுச் சத்தியம் செய்ததாக நினைத்தவள் தூக்கில் தொங்கியவனின் கல்லைத் தொட்டிருக்கிறாள். அவளுக்கும் கடைசியில் தூக்குக்கயிறுதான் என்பது நாவலை முடித்தவர்களுக்குத் தெரியும்.

தூணை நேரில் பார்க்கப் போகிறவர்கள் பெரிதாக எதையும் எதிர்பார்க்க வேண்டாம். ஆளுயரம்கூட இல்லாத ஒல்லியான கல். காரில் போனால் கவனிக்காமல் தாண்டிவிடுவீர்கள். மழையும் காற்றும் தேய்த்துத் தேய்த்து, கை செதுக்கியிருந்த அடையாளம் இன்று தெரிவதில்லை என்றே சொல்லலாம். எந்தக் காலத்தது என்பதிலும் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. அந்த நிச்சயமின்மைதான் ஹார்டிக்கு வசதியாக இருந்தது. கீழே தெரியும் பேட்கம் ஊருக்கும் நாவலில் ஒரு சின்ன இடம் உண்டு. பால் பண்ணையில் வெண்ணெய் திரளாத நாளில் பண்ணைக்காரர், தன் தாத்தா மந்திரவாதி மின்டர்னிடம் போவார் என்று சொல்வாரே, அந்த மந்திரவாதியின் ஊர் இதுதான். குதிரையோடு இந்தக் குன்றிலிருந்து தேவாலயத்தின் மேலே பாய்ந்து, கோபுர முனை ஒன்றைத் தட்டிவிட்டார் என்று உள்ளூரில் சொல்வார்கள்.

திரைப்படம் பார்த்துவிட்டு அந்த நிலத்தைத் தேடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ரோமன் பொலான்ஸ்கியின் 1979 படம் முழுவதும் பிரான்சில் எடுத்தது. அழகான படம்தான், ஆனால் அந்தச் சாலைகள் நார்மண்டி, பிரிட்டனிப் பக்கத்துச் சாலைகள். மலைமுகட்டின் ஒரு பக்கம் சட்டென்று விழும் அந்தச் சரிவு அதில் கிடைக்காது.

நடக்க நினைப்பவர்களுக்கு நடைமுறை விஷயம். டாக்பரி கேட்டிலிருந்து எவர்ஷாட் வரை முகட்டுச் சாலை முழுக்கத் தார் போட்டது. நடைபாதை கிடையாது. வண்டிகள் குறைவு, ஆனால் வருகிறவை வேகமாக வரும். அதனால் வலப்பக்கமாக, எதிர்வரும் வண்டியைப் பார்த்து நடப்பது நல்லது. ஏ37ஐக் கடக்கும் இடத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். நேர்கோட்டுச் சாலை என்பதால் எல்லோரும் பறப்பார்கள். எவர்ஷாட்டில் தேவாலயத்தை ஒட்டிய ஒரு பழைய வீட்டை ‘டெஸ் காட்டேஜ்’ என்றே அழைக்கிறார்கள். அதில் ஆட்கள் குடியிருக்கிறார்கள், வெளியிலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஏகார்ன் விடுதியில் இன்றும் சாப்பாடு கிடைக்கும். டெஸ் விடுதிகளைத் தவிர்த்தாள், நீங்கள் தவிர்க்க வேண்டியதில்லை.

முழு 30 மைலையும் ஒரே நாளில் நடக்கும்படி நான் யாருக்கும் சொல்லமாட்டேன். டிசம்பரில் அங்கே எட்டு மணி நேரம்தான் வெளிச்சம். நேரம் குறைவு என்றால் டாக்பரி கேட்டிலிருந்து தூண் வரை மட்டும் போய்வாருங்கள், பள்ளத்தாக்கு முழுவதும் வலப்பக்கம் தெரியும். ஒரு முழுநாள் இருக்கிறதென்றால் எவர்ஷாட்டில் தொடங்கி பென்வில் லேன் வழியாக பெமின்ஸ்டர் போங்கள். வழியில் டோலர் டவுன் மேட்டையும் பார்க்கலாம், ஹார்டியின் இன்னொரு நாவலில் கேப்ரியல் ஓக் ஆடு மேய்த்த மலைக்குப் பக்கத்து மேடு அது. பெமின்ஸ்டரிலிருந்து பஸ்ஸோ டாக்ஸியோ பிடிக்காமல் அதே வழியில் நடந்தே திரும்புங்கள். 44ஆம் அத்தியாயத்தைக் கிளம்பும் முன்பும், திரும்பி வந்து எவர்ஷாட்டில் உட்கார்ந்த பின்பும் ஒருமுறை படியுங்கள். நல்ல கனமான பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள்.